அளவு பிளவுஸ் இல்லாத உடம்பு

பாபு, உன் நைனா சொல்லச் சொல்ல இதைப் பக்கத்து வீட்டுச் செல்வி எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நம்பர் தெரியும், கையெழுத்து என்று இரண்டு கோணல் கோடு போடத் தெரியும், அவ்வளவுதான். போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். நம் வீடு ஒரே அறை. உன்னிடம் நான் பேசுவதெல்லாம் உன் அம்மா காதில் விழும். அப்படி ஒரு பேச்சு விழுந்ததால்தான் இப்போது செல்வி வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் போனில் பேசினாலோ, நீ பாதியிலேயே குறுக்கே பேசிச் சமாதானம் சொல்லிவிடுவாய். எழுதி முடித்ததும் அவள் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். டூட்டி முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் படித்துவிடு. வெள்ளிக்கிழமை உனக்குக் கும்மிடிப்பூண்டி மண்டபத்தில் கல்யாணம். உன் அம்மா வரமாட்டேன் என்கிறாள். கேட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், உன் சித்தியை விட்டும் சொல்லிப் பார்த்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லையப்பா. நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இங்கே நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் அதைச் செய்தால் பொய்யாகப் போய்விடும், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆபரேஷன் ஆகி வந்ததிலிருந்து அவள் நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாக இருப்பதை நீ பார்த்திருக்கிறாய். உடம்புக்கு முடியாதவள், வீட்டில் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். எளாவூரிலிருந்து பெண்வீட்டார் தட்டோடு வந்து உன் அம்மாவுக்கென்று அந்தப் பச்சைப் பட்டுப்புடவையை வைத்துக்கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் பெட்டியைத் திறந்து பழைய ரவிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்தாள். உன்னிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அந்தப் பால் குடித்து வளர்ந்தவன் நீ, உனக்கென்ன மறைப்பு. வலது பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த கட்டிகளையும் எடுத்ததில் நீர் வடிய வழியில்லாமல் வலது கை வீங்கிக் கிடக்கிறது. ரவிக்கையின் வலது கை அவள் முழங்கைக்கு மேல் ஏறவில்லை. வலது பக்கத்தை இழுத்து நெஞ்சோடு பிடித்துப் பார்த்தாள், துணி காலிப் பையாகத் தொங்கியது. இடது பக்கம் மட்டும் எப்போதும்போல் கச்சிதமாக இருந்தது. அந்த இடது பக்கத்தைப் பார்த்துத்தான் அழுதாள்.

திருவள்ளூரில் ஒரு டைலர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மெஷினில் இருந்தவர் நல்ல மனிதர்தான். தலை நிமிராமல், "அளவு பிளவுஸ் குடுங்கம்மா" என்றார். நம் பக்கத்தில் எந்தப் பெண்ணும் உடம்பில் டேப் வைக்கவிடுவதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றைப் புதுத் துணியோடு சுருட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள், அதுதான் அளவு. உன் அம்மா பையில் இருந்தது ஆபரேஷனுக்கு முந்தின ரவிக்கை. அதைக் கொடுத்தால் அந்த உடம்புக்குத்தானே தைப்பார்.

"இது இப்ப பத்தாது" என்றாள்.

"எவ்ளோ பெருசு பண்ணணும்மா?"

"ஒரு பக்கம் பெருசு. ஒரு பக்கம் சின்னது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். உன் அம்மா பையை வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். காக்களூருக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவில் என் பக்கம் திரும்பாமலே, "நான் கல்யாணத்துக்கு வர்ல. அங்க வந்து இன்னா பண்ணப் போறேன், பொருட்காட்சி மாதிரி குந்திக்கினு" என்றாள். அதற்குப் பிறகுதான் நீ போனில் பார்த்து வாங்கி அனுப்பிய இழுபடும் துணி ரவிக்கைகள் வந்தன. கை நுழைந்தது, சரி. ஆனால் அந்தத் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று ஊருக்கே சொல்லியது. ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றைப் பிரிக்கவே இல்லை. அப்போதுதான் நீ ஸ்பீக்கர் போனில், "நைனா, அம்மாவ கஷ்டப்படுத்தாதீங்க. ஊட்லியே இருக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் வந்து ஆசீர்வாதம் வாங்கிக்கிறோம்" என்றாய். பாசத்தில்தான் சொன்னாய். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கை நின்றது. "பாத்தியா, அவனே சொல்ட்டான்" என்றாள். அவள் வாயால் வரமாட்டேன் என்றபோது அது கோபம். உன் வாயால் வந்தபிறகு அது முடிந்த காரியம் ஆகிவிட்டது.

செல்வி இங்கே தையல் கம்பெனியில் சாம்பிள் தைக்கிற பிரிவில் இருக்கிறாள். அவளிடம் போய்ச் சொன்னேன். "அத்தைய வரச்சொல்லு மாமா, நானே அளவெடுத்து முடிச்சிட்றேன், இது ஒரு வேலையா" என்றாள். உன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எவளும் பாக்க வேணாம்" என்றாள். செல்வி நம் வீட்டுப் பெண் மாதிரிதானே என்றேன். "அதான் சொல்றேன். டெய்லி மூஞ்சிய பாத்துக்கினு இருக்கணும்" என்றாள். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீதான் பாத்துட்டியே" என்றாள். ஆமாம், நான் பார்த்தவன்தான். ஆஸ்பத்திரியில் அந்தக் குழாயில் வடிந்த நீரை டப்பாவில் அளந்து கொட்டியது நான். கட்டுப் பிரித்தபோது பக்கத்தில் நின்றது நான். அப்படியென்றால் டேப் பிடிக்க வேண்டியதும், காகிதத்தில் வரைய வேண்டியதும் நான்தான் என்று ஆகிவிட்டது. செல்வியிடம் போய், அளவெடுத்துப் படம் போட்டு வெட்டுவது வரைக்கும் எனக்குக் கற்றுக்கொடு, மெஷினில் தைப்பதை நீ பார்த்துக்கொள் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் அவள் மாமியார் அடுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"மாமா, காலம்பூரா தகரம் வெட்டின கை இது. துணிய தொட்டாலே கிழிஞ்சிடும்."

"தகரத்த விடவா துணி பேஜாரு?"

"தகரம் வளைஞ்சா வளைஞ்ச மாதிரி இருக்கும். துணி உன்ன ஏமாத்தும், பாரு."

ஏமாற்றியது. ஷீட் வெட்டும் கடையில் அத்தனை வருஷம் வேலை செய்தவனுக்குக் கோடு என்றால் கோடு. கோட்டின்மேல் மயிரிழை தப்பாமல் வெட்டினால்தான் ஃபோர்மேனிடம் திட்டு விழாது. அந்தப் புத்தியில், பழைய பேப்பரில் செல்வி சொன்னபடி கோடு போட்டு, முதலில் வெட்டிப் பழக வாங்கிய முரட்டுக் காடாத் துணியை அதே கோட்டில் நறுக்கென்று வெட்டி எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். அவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "சூப்பரா கீது மாமா. தையலுக்கு எங்க வுட்ட?" என்றாள். துணி துணியோடு சேர வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் உள்ளே மடங்கிப்போக இடம் வேண்டும். என் தகரத்தில் அந்த வழக்கமில்லை, விளிம்போடு விளிம்பு வைத்துப் பற்றவைத்துவிடுவோம். அந்தக் காடாவைத் தைத்திருந்தால் உனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்குத்தான் ஆகியிருக்கும்.

அடுத்தது மடிப்பு. ரவிக்கைக்குக் காகிதம் வெட்டுகிறவர்கள் எல்லோரும் காகிதத்தை இரண்டாக மடித்துப் பாதி உடம்புக்குத்தான் வரைகிறார்கள். பிரித்தால் மறுபாதி தானாக வந்துவிடும். மனிதருக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் என்கிற நம்பிக்கை. நானும் மடித்துத்தான் வரைந்தேன், கை பழகிவிட்டது. அதை வைத்து வெட்டிய காடாவைப் போட்டுப் பார்த்த உன் அம்மா, "பாதிக்கு நான், பாதிக்கு யாரு?" என்று கேட்டாள். அதில் கொஞ்சம் கிண்டல் இருந்தது. அந்தக் கிண்டலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. மறுபடி காகிதத்தை மடிக்காமல் முழுதாக விரித்தேன். நடுவில் ஒரு கோடு. அதற்கு இந்தப் பக்கம் ஒரு பெண், அந்தப் பக்கம் ஒரு பெண் என்று நினைத்துக்கொண்டு தனித்தனியாக அளவெடுத்தேன். நடு எலும்பிலிருந்து இடது அக்குள் வரை, நடு எலும்பிலிருந்து வலது அக்குள் வரை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சைப் பிடித்தால் அளவு குறைந்து போகும், தைத்தபிறகு ஊக்குப் போட முடியாது. "மூச்சு வுடும்மா" என்றேன். "வுட்டுக்கினுதான் இருக்கேன்" என்றாள். விடவில்லை. நான் டேப்பைக் கீழே போட்டுவிட்டு, பால்காரன் கணக்கில் தப்புப் பண்ணிவிட்டான் என்று வேண்டுமென்றே வாயை விட்டேன். "எப்ப? எந்த நாளு?" என்று மூச்சோடு திரும்பினாள். அப்போது வைத்த டேப்பில்தான் சரியான அளவு கிடைத்தது. பாபு, நீ ஒருத்தியோடு வாழப் போகிறவன். அவள் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே மூச்சைப் பிடித்து நிற்கும் நேரம் வரும். வாயில் வருவதை நம்பாதே, தோளைப் பார்.

இடது பக்கம் துணியைச் சொருகிப் பிடித்து ஒரு மடிப்புத் தையல் போட்டால்தான் மார்புக்கு மேடு வரும், அதை டாட் என்பார்கள். வலது பக்கத்துக்கு அது வேண்டாம், தட்டையாக விட்டுவிடலாம் என்றேன். தட்டையாக விட்டதும் தழும்பின்மேல் துணி குழிந்தது. உள்ளே பஞ்சு வைத்துவிடலாம் என்றாள் செல்வி. உன் அம்மா, "பொய் மார்பு வெச்சிக்கினு புள்ள கல்யாணத்துல நிக்கணுமா? வேணாம்" என்றாள். சரி, பஞ்சு வேண்டாம், துணிக்குள் கொஞ்சம் தடித்த உள்துணி வைத்தால் குழியாது, தானாக நிற்கும் என்று செல்வி வழி சொன்னாள். அப்புறம் கைக்குழி. போட்டதும் நின்ற நிலையில் நன்றாகத்தான் இருந்தது. "கைய தூக்கி கொண்ட போடு" என்றேன், செல்வி சொல்லி அனுப்பியிருந்தாள். கையை உயர்த்தியதும் ரவிக்கை முழுதும் மேலே ஏறியது. இடுக்குகிறது, குழியை ஆழமாக வெட்டினால் சரியாகிவிடும் என்று இறக்கி வெட்டினேன். இன்னும் மோசமாயிற்று. மறுபடி இறக்கினேன். கை அசையவே இல்லை. ஓடிப்போய் செல்வியிடம் காட்டினால், "மாமா, குழி கீழ போகப் போக கை ஒடம்ப இழுத்துக்கினு போவும். அக்குளாண்ட ஏத்தி வெட்டு, அகலத்த கைத்துணியில குடு" என்கிறாள். தலைகீழ்ப் பாடம். அப்படி வெட்டிய காடாவைப் போட்டுக்கொண்டு உன் அம்மா இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் முடியை முறுக்கினாள். வலது கை நடுங்கியது. ஆனால் போயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு முடி கட்டிவிடுவது நான்தான். அன்றைக்கு அவளே கட்டிக்கொண்டாள். கோணலாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் உன்னைக் கெஞ்சவே வேண்டியதில்லை. இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். புடவையோடு வந்த ரவிக்கைத் துண்டு ஒன்றுதான். சிவப்புப் பட்டு, ஓரத்தில் ஜரிகை. அதேபோல் இன்னொன்று கடையில் கிடைக்காது, புடவையை நெய்தபோதே சேர்த்து நெய்தது. செல்வி காலை ஷிப்டு போயிருந்தாள். சாயங்காலம் வந்து இரண்டு பேருமாக வெட்டலாம் என்றுதான் பேச்சு. உன் அம்மா மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். நாஷ்டாகூட ஆறிக் கிடக்க, துணியைத் தரையில் விரித்து, காகிதங்களை மேலே வைத்துக் குண்டூசி குத்தி, தையலுக்கு மறக்காமல் இடம் விட்டு வெட்டினேன். கையாலேயே பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டுச் சேர்த்து அவளிடம் கொடுத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் போட்டாள். இடது கை உள்ளே தொளதொளவென்று போயிற்று. வலது கை முழங்கையில் நின்றுவிட்டது. எல்லாம் மாறிக் கிடந்தது, பாபு. காகிதத்தைக் குப்புறப் போட்டு வெட்டியிருக்கிறேன். காகிதத்தில் வலது, இடது என்று செல்வி கொட்டை எழுத்தில் எழுதித்தான் வைத்திருந்தாள். எனக்கு அதுவும் ஒன்றுதான், பேப்பரில் அச்சடித்த செய்தியும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிற உடம்பு என்றால் குப்புறப் போட்டாலும் கவலையில்லை. இவளுக்கு வலதில் வேண்டிய இடமெல்லாம் இடதில் போய் உட்கார்ந்துவிட்டது.

அவள் கத்தவில்லை. கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, "வுடுய்யா. போதும். நீயும் எவ்ளோதான் பண்ணுவ" என்றாள். அந்த 'போதும்' என்கிற சொல்லை ஆஸ்பத்திரியிலும் கேட்டிருக்கிறேன், மருந்து ஏற்றும்போது. அன்றைக்கு நர்ஸைக் கூப்பிட முடிந்தது. இன்றைக்கு யாரைக் கூப்பிடுவேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். தெருவில் கம்பெனி பஸ் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. செத்துப்போனாலும் தேவலை என்று ஒரு நினைப்பு வந்தது. அதை எழுதாதே என்று செல்வியிடம் சொன்னேன், எழுதிவிட்டாள், இருக்கட்டும். கொஞ்ச நேரம் கழித்து உன் அம்மாவே வந்து துணியை என் மடியிலிருந்து எடுத்தாள். ஓட்டுத்தையலைப் பிரித்துத் துணியையாவது ஒழுங்காக மடித்து வைக்கலாம் என்று. நூல் முடிச்செல்லாம் உள்பக்கம் இருந்ததால் உள்ளே கைவிட்டு மறுபக்கமாகத் திருப்பினாள். திருப்பினவள் நூலை அறுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் வலது கையை மெதுவாக அதில் விட்டாள். போயிற்று. தோள் வரைக்கும் போயிற்று.

"இத பாரு" என்றாள். "உள்பக்கத்த வெளிய வெச்சி தெச்சா அததுக்கு அதது வந்துடுது."

"ஜரிக பின்பக்கம் நூல்நூலா தெரியுமேம்மா. பட்டும் அந்தப் பக்கம் மங்கல்."

"மங்கலா இருந்தா இன்னா. நான் மட்டும் இன்னா பளபளன்னா கீறேன்?"

ஷிப்டு முடிந்து வந்த செல்வி துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கையில் வரும் ஜரிகை விளிம்பை மட்டும் வெட்டித் திருப்பி வைத்துத் தைத்தால் நூல் தெரியாது, பட்டின் மங்கல் புடவைத் தலைப்புக்குக் கீழே போய்விடும் என்கிறாள். இந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டு மெஷினில் உட்காரப் போகிறாள். வலது பக்கத் துண்டுகளின் ஓரத்தில் இரண்டு வெட்டு, இடது பக்கத்தில் ஒரு வெட்டு போட்டுவைத்திருக்கிறேன், விரலால் தடவினாலே எனக்குத் தெரியும்படி. இனி தப்பு வராது. ரவிக்கை வியாழக்கிழமைக்குள் முடிந்துவிடும். ஆனால் அவள் வருவாளா என்றால், தெரியாது. இங்கே வரப் புறப்படும்போது கேட்டேன். "தெச்சி வையி. வரேன்னு நான் எங்க சொன்னேன்" என்றாள். உன் சித்தி போன் செய்து, மேடையில் உங்கள் இரண்டு பேருக்கும் ஆரத்தியை நானே எடுத்துவிடுகிறேன், அக்கா கவலைப்பட வேண்டாம் என்றாளாம். வரவேற்பில் நிற்க உன் பெரியப்பா வீட்டில் ஆள் போட்டாயிற்றாம். ஒவ்வொருவரும் பாசத்தில் அவளிடமிருந்து ஒவ்வொரு வேலையாக வாங்கிக்கொண்டார்கள். வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லி நீ கடைசி வேலையையும் வாங்கிக்கொண்டாய். வேலை இல்லாத இடத்துக்கு அவள் எதற்கு வருவாள், உட்கார்ந்து பார்வைக்கு இருக்கவா?

நீ செய்ய வேண்டியது இதுதான். படித்து முடித்ததும் அவளுக்குப் போன் போடு. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காதே. ரவிக்கையைப் பற்றி வாயே திறக்காதே, தன் உடம்பைப் பற்றி நான் உனக்கு எழுதியது தெரிந்தால் அதையும் கழற்றி வைத்துவிடுவாள். ஆரத்தி நீதான் எடுக்க வேண்டும், சித்தியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று சொல். முதலில் சித்தியிடம் நிஜமாகவே சொல்லிவிட்டுச் சொல். முடியாது என்பாள். கை வலிக்கும் என்பாள். நிஜமாகவே வலிக்கும், பாபு, அதற்காக 'சரிம்மா, உன் இஷ்டம்' என்று மட்டும் சொல்லிவிடாதே. தட்டில் தண்ணீரைக் குறைத்து வைக்கச் சொல்கிறேன் என்று சொல். ஊரெல்லாம் பார்க்கும் என்பாள். பார்க்கட்டும் என்று சொல். எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது, நான் சொன்னால் கிழவன் புலம்புகிறான் என்று ஆகிவிடுகிறது. பெற்றவளிடம் கட்டாயப்படுத்திக் கேட்கிற உரிமை உனக்குத்தான் இருக்கிறது. அதைப் பாசம் என்று நினைத்து விட்டுக்கொடுத்துவிட்டாய், திருப்பி எடுத்துக்கொள்.

நீ போன் செய்யும்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன், தெருமுனையில் நிற்பேன். உன்னைப் பேச வைத்தது என் வேலைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், அதில் அவளை ஏமாற்ற முடியாது. போனை வைத்ததும் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும். என்னைத் திட்டுவதற்காகவாவது தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, தெருவில் எல்லோர் காதிலும் விழும்படி என்னைக் கூப்பிடட்டும். எத்தனை பெரிய கெட்ட வார்த்தையானாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறேன்.

நைனா